‘வண்டி வெண்ணெய் மாதிரி போகுது’ என்று நான் சொன்ன அந்த மூன்று வாரம்

2021-ல் என் இடது முழங்காலில் லிகமென்ட் ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு கிளட்ச் மிதிக்கிற வண்டி எனக்கு ஒத்துவரவில்லை. மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் தாண்டி இருக்கிற பள்ளிக்கூடத்துக்குத் தினமும் போய்வர வேண்டும். நீடாமங்கலம் ரயில்வே கேட் எப்படிப்பட்டது என்று அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேட் மூடினால் நின்று, திறந்தால் ஊர்ந்து, மறுபடி நின்று, இடது கால் செத்துப்போகும். வீட்டுக்காரர் சிங்கப்பூரில். புது ஆட்டோமேட்டிக் வாங்கக் கையில் காசு இல்லை. மாமனார் சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பியபோது கப்பலில் போட்டுக் கொண்டுவந்த 1993 மாடல் டொயோட்டா கொரோலா ஒன்று கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. மூன்று கியர் ஆட்டோமேட்டிக். அதைத் தட்டி எழுப்பி, எஃப்சி புதுப்பித்து, ஒன்றரை வருஷம் எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓட்டினேன். பிறகு எலி வந்தது.

மார்கழியில் வயலில் கதிர் முற்றுகிற சமயம் எலிகள் எங்கெங்கோ அலையும். நானோ வண்டியை வைக்கோல் போர் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தேன், புத்திசாலி. ஒருநாள் காலையில் ஆக்சிலரேட்டர் மிதித்தால் பாதியில் பிடித்துக்கொண்டது. பானட்டைத் திறந்தால் ஆக்சிலரேட்டர் கேபிளின் மேலுறையைக் கடித்துத் துப்பியிருக்கிறது. அதை ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன், ‘உங்கள் அப்பா சொத்தை எலி பங்கு போட்டுக்கொண்டது’ என்று. விளையாட்டாக எடுத்த அந்தப் போட்டோதான் கடைசியில் என்னைக் காப்பாற்றியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஊரிலேயே இருக்கிற ஒரு மெக்கானிக் தம்பி கேபிளை வெளியில் கொடுத்துப் புதிதாகக் கட்டி வாங்கி மாட்டினார். கூலியோடு 1,200 ரூபாய். வண்டி எடுத்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். முன்பெல்லாம் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது லேசாக ஒரு உதை தெரியும். இப்போது அது இல்லை. 25 கிலோமீட்டர் வேகம் தொடுவதற்குள் மூன்றாவது கியருக்கே போய்விடுகிறது, போனதே தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி போனில், “வண்டி வெண்ணெய் மாதிரி போகுது, தம்பி ஏதோ நல்லா பண்ணியிருக்கான்” என்று சொன்னேன். இதை எழுதும்போது கூட எனக்கு வெட்கமாக இருக்கிறது. பழைய ஆட்டோமேட்டிக் வண்டியில் திடீரென்று கியர் மாறுவது மெத்தென்று ஆகிவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள். அந்த மூன்று வாரமும் கியர்பாக்ஸுக்குள் கியரைப் பிடித்துக்கொள்கிற பிளேட்டுகள் தேய்ந்துகொண்டிருந்தன. நான் ரேடியோ கேட்டுக்கொண்டு ஓட்டினேன்.

தை பிறந்ததும் மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்குத் தஞ்சாவூர் கூட்டிப்போனேன். அறுவடைக் காலம். சாலையில் பாதி நெல் காய்கிறது, மீதிப் பாதியில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர்கள். வடுவூர் தாண்டி ஒரு டிராக்டர், வைக்கோல் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு, பின்னால் வருகிறவனுக்கு எதுவும் தெரியாதபடி போய்க்கொண்டிருந்தது. கொஞ்சம் நேர் சாலை கிடைத்ததும் வலது பக்கம் ஏறி ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தினேன். எப்போதும் அப்படி அழுத்தினால் வண்டி ஒரு கியர் இறங்கி உறுமிக்கொண்டு பாயும். அதற்குத்தான் கிக்டவுன் என்று பெயர். அன்றைக்கு இறங்கவே இல்லை. மூன்றாவதிலேயே முனகிக்கொண்டு போகிறது. டிராக்டரின் பாதி நீளத்துக்கு வந்துவிட்டேன், எதிரே பஸ். பிறகு இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. பிரேக் அடித்து, பின்னுக்கு வந்து, வைக்கோலுக்குப் பின்னால் ஒதுங்கினபோது பஸ் கண்ணாடியை உரசாத குறையாகப் போனது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “டாக்டர் எங்கயும் ஓடிட மாட்டாரும்மா, மெதுவாவே போவோம்” என்றார். எனக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. சாலியமங்கலம் பக்கமோ வடுவூர்ப் பக்கமோ, இந்த வழிகளில் சாலையை விட்டு இறங்க இடம் கிடையாது. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல்.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் ஒரே கதைதான். இரண்டாவது கடையில் ‘இன்ஜின் இழுவை இல்லை’ என்று பிளக் மாற்றி, சுத்தம் செய்து, 3,800 ரூபாய். ஒரு மாற்றமும் இல்லை. அங்கிருந்த பையன் “ஸ்கேனர் போட்டுப் பாக்கலாம் டீச்சர்” என்று வயரைத் தூக்கிக்கொண்டு சுற்றிச்சுற்றி வந்தான், சொருகுகிற இடமே இல்லை. நம் ஊர்களில் 2014-ல் மாருதி செலிரியோ வந்த பிறகுதான் ஆட்டோமேட்டிக் பரவியது. அது ஏஎம்டி, அதாவது சாதாரணக் கியர்பாக்ஸில் கிளட்சை மிஷினே மிதித்துக் கொடுப்பது. என் வண்டியில் இருப்பது முழுக்க எண்ணெய் அழுத்தத்தில் ஓடுகிற பழைய சாதி. இரண்டும் ஒன்றென்று நினைக்கிறவரிடம் வண்டியைக் கொடுத்தது என் தப்பு. கொடுப்பதற்கு முன்னால் ‘இந்த மாதிரிக் கியர் பெட்டி இதற்கு முன் பார்த்திருக்கிறீர்களா’ என்று நேராகக் கேட்டுவிடுங்கள். இல்லை என்று சொல்கிறவர் நல்லவர், அவரிடம் டயர் மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது கடை தஞ்சாவூரில். கியர் ஆயில் குறைவு என்று 1,400 ரூபாய்க்கு ஆயில் ஊற்றினார்கள். இங்கே ஒரு விஷயம். இந்த ஆயிலை வண்டி நன்றாக ஓடிச் சூடான பிறகு, சமதளத்தில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய்விட்டு ‘பி’யில், அதாவது பார்க்கிங்கில், வைத்துத்தான் அளக்க வேண்டும். டிப்ஸ்டிக்கில் சூட்டுக்கு ஒரு கோடு, குளிருக்கு ஒரு கோடு இருக்கும். அவர்கள் ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் கிளப்பின கையோடு அளந்து, சூட்டுக் கோட்டைப் பார்த்துக் குறைவென்று சொல்லிவிட்டார்கள். அளவுக்கு மேல் ஊற்றினால் உள்ளே சுழல்கிற பாகங்கள் ஆயிலை மோர் கடைகிற மாதிரி நுரைத்துவிடும். நுரைக்கு அழுத்தம் ஏது? வழுக்கல், அதாவது இன்ஜின் மட்டும் சுற்றி வண்டி இழுக்காமல் போவது, இன்னும் கூடியது. ஆனால் அந்தக் கடையில் ஒரு உண்மை தெரிந்தது: சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் பழுப்பாகி, கருகின நாற்றம் அடித்தது.

இரண்டு நாளில் வீட்டு வாசலிலிருந்து ரிவர்ஸ் எடுக்கவே வண்டி தயங்கியது. திருச்சியில் கியர்பாக்ஸ் மட்டும் பார்க்கிற கடைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் உதவிக்கு வந்தார். “டிராக்டர்ல கயித்தக் கட்டி தஞ்சாவூர் வரைக்கும் இழுத்துட்டுப் போயிடுறேம்மா, எதுக்கு வீண் செலவு?” என்றார். அதை மட்டும் வேண்டாம் என்று வீட்டுக்காரர் போனிலேயே கத்தினார். ஆட்டோமேட்டிக்கில் ஆயிலைச் சுற்றிவிடுகிற பம்ப் இன்ஜினோடு சேர்ந்துதான் ஓடும். இன்ஜினை நிறுத்திவிட்டு, ஓட்டும் சக்கரம் தரையில் உருள இழுத்தால், உள்ளே எல்லாம் ஆயில் இல்லாமல் உராயும். முன்சக்கரம் இழுக்கிற வண்டியாக இருந்தால் முன்பக்கத்தைத் தூக்கித்தான் இழுக்க வேண்டும், இல்லையென்றால் முழு வண்டியையும் மேலே ஏற்றிப் போக வேண்டும். ஏற்றிப்போனேன், 5,500 ரூபாய்.

திருச்சிக் கடையில் வண்டியைப் பார்த்த ஐந்தாவது நிமிஷம், “பாக்ஸ் ஊத்திக்கிச்சு மேடம்” என்றார் கடைக்காரர். பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரையும் முழுசாக மிதித்து அரை நிமிஷம் அலறவிட்டுக் காட்டினார். இந்தச் சோதனையை ஐந்து விநாடிக்கு மேல் செய்யக் கூடாது, அவ்வளவு சூடாகும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். யாராவது உங்கள் வண்டியில் இப்படிச் செய்தால் சாவியைப் பிடுங்குங்கள், மரியாதை பார்க்க வேண்டாம். பழைய பாக்ஸ் ஒன்று வரவழைக்க 70,000 ரூபாய் என்றார். நான் அழுதுவிடுவேன் போல இருந்தது. கூட யாரும் இல்லை. 15,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். ரசீது கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு ‘விடைத்தாளைத் திருப்பிப் பார்க்காமல் கொடுக்காதே’ என்று இருபது வருஷமாகச் சொல்கிறவள் நான்.

பழைய பாக்ஸ் வரப் பத்து நாள் ஆகும், அதுவரை இங்கே இடம் இல்லை, ஓட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். அளவுக்கு மேல் இருந்த ஆயிலை அவர்களே கொஞ்சம் வடித்துவிட்டதால் வண்டி ஏதோ நகர்ந்தது. நாற்பதுக்கு மேல் போகாமல் ஊர் வந்து சேர்ந்தேன். அன்று ராத்திரி தூக்கம் வராமல் போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அந்த எலிப் படம் வந்தது. கடிபட்ட கேபிளுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கேபிள். அதன் முனையில் மரை போட்ட ஒரு குழாய், அதைப் பிராக்கெட்டில் பிடித்து நிறுத்த இரண்டு நட்டுகள். படத்தைப் பெரிதாக்கினால் நட்டுக்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று எண்ண முடிகிறது. டார்ச்சை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். மணி பன்னிரண்டு இருக்கும். நட்டுகள் வேறு இடத்தில் இருந்தன. உள்கம்பி தொய்ந்து தொங்கியது. விரலால் தூக்கினால் வளைந்தது.

காலையில் அந்த மெக்கானிக் தம்பியைக் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார், அதற்காகவே அவர்மேல் கோபம் போய்விட்டது. “பிராக்கெட்டக் கழட்டுனாத்தான் டீச்சர் ஆக்சிலரேட்டர் கேபிள் வரும். பக்கத்துல இருந்தத ஏதோ சோக் வயருன்னு நெனச்சு சும்மா மாட்டி விட்டேன்.” அந்தச் சோக் வயர்தான் கிக்டவுன் கேபிள்.

அது என்ன வேலை செய்கிறது என்பதை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். பெயரைப் பார்த்து, ஓவர்டேக் எடுக்கும்போது மட்டும் தேவைப்படுகிற சமாச்சாரம் என்று நினைத்துவிடுவோம். சில பழைய அமெரிக்கப் பெட்டிகளில் அப்படித்தான், மற்ற வேலையை வேக்குவம் குழாய் ஒன்று பார்த்துக்கொள்ளும். என்னுடையது போன்ற பெட்டியில் அப்படி இல்லை. வண்டி எவ்வளவு வேகம் போகிறது என்று சொல்ல உள்ளே ஒரு எண்ணெய் அழுத்தம் இருக்கிறது. நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்று சொல்ல இன்னொரு அழுத்தம், அதைத் தருவது இந்தக் கேபிள். இரண்டும் கயிறு இழுக்கின்றன. வேகம் ஜெயித்தால் மேல் கியர், மிதி ஜெயித்தால் கீழ் கியர். கேபிள் தொய்ந்துபோனால் நீங்கள் மிதிப்பதே பெட்டிக்குத் தெரியாது. அதனால்தான் 25-லேயே மூன்றாவது விழுந்தது. இதைவிடப் பெரிய விஷயம், பிளேட்டுகளை இறுக்கிப் பிடிக்கிற மொத்த அழுத்தத்தையும் இதே கேபிள்தான் ஏற்றி இறக்குகிறது. கல்லணையில் தண்ணீர் இருந்தால் போதுமா? மதகு ஷட்டரைத் தூக்கினால்தானே கடைமடைக்குப் போகும்? என் வண்டியில் பம்ப் நன்றாக இருந்தது, ஆயில் இருந்தது, ஷட்டர் மட்டும் பாதியில் நின்றது. கடைமடையில் பிளேட்டுகள் பிடிமானம் இல்லாமல் வழுக்கிக் கருகின.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வீடியோ காலில் தன்னோடு தங்கியிருக்கிற ஒரு நண்பரைக் கூப்பிட்டுவந்தார், அங்கே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். வேலை செய்ய இங்கே நானும் அத்தையும். இன்ஜினை நிறுத்தி, லீவரை ‘பி’யில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தோம். பிறகு 74 வயது அத்தையை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, “நான் சொல்லும்போது வலது காலால கடைசி வரைக்கும் மிதிங்க” என்றேன். “தையல் மிஷின் மாதிரியா?” என்றார். ஆமாம் என்றேன்.

முதலில் பார்க்க வேண்டியது கிக்டவுன் கேபிளே இல்லை. ஆக்சிலரேட்டர் முழுசாகத் திறக்கிறதா என்பதுதான். அத்தை மிதிக்க, நான் பானட்டுக்குள் பார்த்தேன். கேபிள் இழுக்கிற நெம்பு, அதாவது த்ராட்டில் கை, முக்கால் தூரத்திலேயே நின்றது. கால்விரிப்பு மடங்கி பெடலுக்குக் கீழே கிடந்தது ஒரு காரணம். புதிதாகக் கட்டின கேபிள் கொஞ்சம் தளர்வு, அது இன்னொரு காரணம். இரண்டையும் சரிசெய்த பிறகுதான் அடுத்ததைத் தொட்டேன். இந்த வரிசையை மாற்றினால் இரண்டு தடவை வேலை, ஏனென்றால் அங்கே கை வைத்தால் இங்கே அளவு மாறும்.

பிறகு கிக்டவுன். உள்கம்பியில் ஒரு சின்ன உலோகக் குமிழ் நசுக்கிப் பொருத்தியிருக்கும், அதை ஸ்டாப்பர் என்கிறார்கள். என் வண்டியில் பெடலை விட்ட நிலையில் கம்பி தொய்யாமல் நிற்க வேண்டும், அதே சமயம் மேலுறையின் முனைக்கும் அந்தக் குமிழுக்கும் இடைவெளி 0 முதல் 1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சில பழைய மாடல்களில் பெடலை முழுக்க மிதித்த நிலையில் அளக்கச் சொல்வார்கள். அதனால் என் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வண்டிப் புத்தகத்தைப் பாருங்கள். நட்டுகள் இருந்த இடத்தில், அது தப்பான இடமே ஆனாலும், நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். எங்கிருந்து புறப்பட்டோம் என்று தெரிய வேண்டுமே. இரண்டு ஸ்பேனர் வைத்து ஒரு நட்டைத் தளர்த்தி, மற்றதைத் திருகினால் மேலுறை பின்னால் நகர்ந்து தொய்வு போகிறது.

ஆர்வக்கோளாறில் முதல் தடவை அதிகமாக இழுத்துவிட்டேன். இடைவெளி நாலு மில்லிமீட்டர் ஆகிவிட்டது. ஹரித்ராநதி தெப்பக்குளத்தை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் வண்டி இரண்டாவது கியரை விடவே மாட்டேன் என்கிறது, ஐம்பது தாண்டித்தான் மாறுகிறது, அதுவும் முதுகில் குத்தின மாதிரி. தொய்வு தீமை என்றால் இறுக்கமும் தீமைதான், பெட்டியும் பெட்ரோலும் சேர்ந்து அடிவாங்கும். அதிகம் இறுகினால் த்ராட்டில் முழுசாகத் திறக்காமலோ, விட்ட பிறகு திரும்பாமலோ மாட்டிக்கொள்ளவும் கூடும், அது உயிருக்கே ஆபத்து. அதனால் ஒவ்வொரு தடவையும் இன்ஜின் நிறுத்திய நிலையில் அத்தை முழுக்க மிதித்து விடுவதும், த்ராட்டில் கை டப்பென்று பழைய இடத்துக்கு வருகிறதா என்று நான் பார்ப்பதும் நடந்தது. பிறகு அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் தளர்த்தினேன். நாலு தடவை குளத்தைச் சுற்றினேன். ஐந்தாவது சுற்றில் அந்தப் பழைய லேசான உதை திரும்பி வந்தது. எனக்கு அதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது என்றால் சிரிப்பீர்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கியர்பாக்ஸின் அடித்தட்டான பானைக் கழற்றி, ஆயில் வடிகட்டியான ஸ்ட்ரெய்னரைக் கழுவி, புது ஆயில் போட்டதற்கு 4,600 ரூபாய். எந்த வகை ஆயில் என்று என் டிப்ஸ்டிக்கிலேயே பொறித்திருக்கிறது, கடைக்காரர் சொன்னதைக் கேட்காமல் அதையே வாங்கினேன். பானில் இருந்த காந்தத்தில் கருப்பு மை மாதிரி ஒட்டியிருந்தது. அந்த ஐந்தாறு வாரத்தில் தேய்ந்த பிளேட். இப்போதும் வெயிலில் நீண்ட தூரம் ஓடின பிறகு இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில் இன்ஜின் ஒரு நொடி தனியாக ஏறி இறங்குகிறது. என்றைக்காவது பெட்டியைப் பிரிக்கத்தான் வேண்டும். ஆனால் அது என்னுடைய நேரத்தில், நான் விசாரித்துப் பார்த்த ஆளிடம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கேபிள் 1,200, பிளக் வேலை 3,800, தேவையில்லாத ஆயில் 1,400, ஏற்றிப்போனது 5,500, கடைசி ஆயில் 4,600. நடுவில் அத்தையின் ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை வாடகைக் கார், தடவைக்கு 2,200. நாலு நாள் லீவு. அட்வான்ஸில் 6,000 திரும்பக் கொடுத்தார்கள், 9,000 இன்னும் நிற்கிறது. ஆக 32,100 ரூபாய். இதில் அந்தக் கேபிளைச் சரிசெய்ய ஆனது, நகப்பூச்சைச் சேர்க்காமல், ஒன்றுமில்லை.

இப்போது வண்டியை யாரிடம் விட்டாலும் முதலில் பானட்டைத் திறந்து எல்லாப் பக்கமும் போட்டோ எடுக்கிறேன், அவர்கள் கண்ணெதிரிலேயே. வைக்கோல் போர் பக்கம் நிறுத்துவதில்லை. கம்பி தொய்ந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை விரல் வைத்துப் பார்க்கிறேன். அத்தை திண்ணையிலிருந்தே, “இன்னிக்கி மிதிக்கணுமா?” என்று கேட்பார். திருச்சிக் கடைக்கு நேற்றும் போன் செய்தேன். “பாத்து பண்ணிடலாம் மேடம்” என்றார்.